மூடாத அடைப்புக்குறி

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. கண்ணாடிக் குடுவை விற்கும் ஒரு நிறுவனம் கடைசி நேரத்தில் விளம்பரம் தர மறுத்துவிட்டது. அதனால் எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஆண்டு மலரில் சில பக்கங்கள் காலியாகின. மலரின் பதிப்பாசிரியர் என் அக்கா. அவள் ஆராய்ச்சி செய்ய வந்தவள்தான். ஆனால் தற்காலிகப் பணியில் இருப்பவர்கள் தலையில்தான் மலர் விழும். விழுந்ததைத் தூக்கி என் தலையில் போட்டாள்.

"டேய் ஆந்தை, சும்மாதானே இருக்க? செல்லு எப்படிப் புரதம் செய்யுதுன்னு ஜாலியா ஒண்ணு எழுதிக் குடு."

"சும்மா இல்ல. தூங்கிக்கிட்டு இருக்கேன்."

"மத்தியானத்துல தூங்கறதுக்குப் பேரு என்னவாம்?"

"கதையா வேணுமா, கட்டுரையா வேணுமா?"

"பக்கம் நிறையணும். அவ்ளோதான்."

ஆக, வாசகரே, ஒரு விளம்பரம் இருந்திருக்க வேண்டிய இடத்தைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி: அதே ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணியாள். அக்கா படித்த அதே படிப்பில் சேர்ந்து பாதியில் எழுந்து வந்தவன். எழுந்து வந்தது இதே பாடத்தின் நடுவில். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. வந்ததைப் பார்த்தேன். ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம் வருவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். நான் பாதியில் விட்டவை நிறைய: படிப்பு, நீச்சல், தாடி, ஒரு காதல். இரவு வேலையை மட்டும் இன்னும் விடவில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை ஒருமுறைதான் சொல்வேன்.

2

முதலில் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். வளைந்த அடைப்புக்குறிக்குள் பேசுவது நான். சதுர அடைப்புக்குறிக்குள் பேசுவது அக்கா. பகுதி பகுதியாக எழுதி அவளிடம் கொடுத்தேன். அவள் ஓரத்தில் கிறுக்கித் திருப்பித் தந்தவற்றை நான் அழிக்கவில்லை.

[அழித்துவிட்டுத்தான் தர வேண்டும். — ப-ர்]

பதிப்பாசிரியராக அக்காவுக்கு ஒரே ஒரு கொள்கை. வளைந்த அடைப்புக்குறியைக் கண்டால் வெட்டிவிடுவாள். இந்தக் குறியிலிருந்து அந்தக் குறிவரை, உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல். ஒருமுறை ஏன் என்று கேட்டதற்கு, "அடைப்புக்குறிக்குள்ள போடற அளவுக்குத்தான் முக்கியம்னா, எதுக்குடா எழுதற?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. (இப்போது முடியும்.)

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: "செல் என்பது ஒரு தொழிற்சாலை." அடித்துவிட்டேன். இதை எழுதாத பாடநூல் இல்லை. தவிர, எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் தொழிற்சாலையை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: "நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு நூலகம் இருக்கிறது. அந்த நூலகத்தின் அமைதியில்

இதற்கு மேல் போகவில்லை. அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

[பரவாயில்லை, வாசகருக்கும் வந்திருக்கும். — ப-ர்]

மூன்றாம் தொடக்கத்தை நான் எழுதவில்லை. பக்கத்து அறையிலிருந்து அம்மா கத்தினாள்.

3

எங்கள் அம்மாவுக்கு முட்டி வலி. அறையை விட்டு வெளியே வருவதில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே வீட்டை நடத்துகிறாள். வெளியே என்ன நடக்க வேண்டுமோ அதை அக்காவிடம் சொல்லி அனுப்புவாள். நான் பகலில் தூங்கும்போது அம்மா சொல்லி அனுப்புவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"அவன எழுப்புடி, பாவம் ராத்திரி முழுக்க முழிச்சிருந்திருக்கான், அந்த ஃபேன் வேற டகடகன்னு அடிக்குது அத யாரும் பாக்கறதில்ல, எனக்கு எந்திரிக்க முடிஞ்சா நானே பாத்துருவேன், பச்சத் துண்டு எங்க போச்சோ, சாப்பிடச் சொல்லு."

அக்கா என் கதவருகே வந்து சொல்வது:

"எந்திரி. சாப்பிடு."

மொத்தப் பாடமும் இவ்வளவுதான். நான் ஏன் கல்லூரிக்குப் போனேன் என்று தெரியவில்லை.

டி.என்.ஏ. என்பது அம்மா. அறையை விட்டு நகராது. எந்த வேலை நடக்க வேண்டுமோ அந்தப் பகுதியை மட்டும் ஆர்.என்.ஏ. என்ற பிரதியாக எடுத்துக்கொள்வார்கள். எடுத்த பிரதியில் வேண்டிய பேச்சுக்கு நடுநடுவே வேண்டாத பேச்சும் இருக்கும். முட்டி வலி, ஃபேன், துண்டு. பிரதி அறையை விட்டு வெளியேறுமுன் ஒரு வெட்டுக்குழு வந்து நடுப்பேச்சை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டும். எங்கே வெட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு நடுப்பேச்சின் இரண்டு முனையிலும் அடையாளம் இருக்கிறது. இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது. நம் அடைப்புக்குறி மாதிரியேதான்.

வெட்டி ஒட்டிய பிரதி வெளியே வருகிறது. அங்கே ரைபோசோம் காத்திருக்கிறது. அதற்கு அர்த்தம் பற்றிக் கவலை இல்லை. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம் வந்து சேரும். பூ கட்டுகிற மாதிரிக் கோத்துக்கொண்டே போகும். 'நிறுத்து' என்று பொருள்படும் மூன்றெழுத்து வந்ததும் கையை எடுத்துவிடும். நாம் கதையில் எந்த இடத்தில் இருக்கிறோம், இன்னும் பாதி பாக்கியா என்றெல்லாம் பார்க்காது. கோத்து முடிந்த சரம் தானாகச் சுருண்டு மடிந்து ஓர் உருவம் எடுக்கும். அதுதான் புரதம். வேலை செய்வது அதுதான். நான் எழுந்து போய்ச் சாப்பிடுவதைப் போல.

பாக்டீரியாவின் வீடு வேறு மாதிரி. அங்கே அறையும் இல்லை, சுவரும் இல்லை. அம்மா வாயைத் திறந்ததுமே வேலை ஆரம்பித்துவிடும். பேசி முடிக்கும்வரைகூடப் பொறுக்காது. அதன் சொந்தப் பேச்சு சுருக்கமானது, வளவள கிடையாது. அதனால் வெட்டுக்குழுவும் கிடையாது. எங்கள் அப்பா இருந்தவரை அப்படித்தான். "அவன எழுப்பு" என்பதற்குள் எழுப்பியிருப்பார். "ஃபேன்" என்றதும் ஏணியோடு நிற்பார். "துண்டு" என்றதும் ஏணியை விட்டுவிட்டுக் கொடிக்கு ஓடுவார். சாப்பாடு என்ற சொல் வருவதற்குள் ஆளே வீட்டில் இருக்கமாட்டார்.

[அப்பாவை பாக்டீரியா என்று எழுதக் கூடாது. — ப-ர்]

(அப்பா சிரித்திருப்பார்.)

4

இப்போது கதைக்கு ஒரு பாத்திரம் வேண்டும். எங்கள் இயக்குநரைப் போடுகிறேன். ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் வட்டம் சார்.

[இந்தப் பெயர் அச்சில் வராது. — ப-ர்]

அவருக்கே தெரியும், அக்கா. போன வாரம் போனில் தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டார்.

பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒரு பூஞ்சை இருக்கிறது. அது எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னும். குளிர்ந்த தண்ணீரிலும் தின்னும். அப்படித் தின்பதற்கு அது செய்துகொள்ளும் நொதி ஒரு புரதம். அந்த நொதியைச் சலவைத்தூளில் போட்டால் சட்டைக் காலருக்கு வெந்நீர் தேவைப்படாது. ஆனால் பூஞ்சை சோம்பேறி, மெதுவாக வளரும். பாக்டீரியா சுறுசுறுப்பு. அதனால் பூஞ்சையின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் செருகி, அதைக்கொண்டு நொதியைச் செய்யவைப்பது என்று திட்டம். மரபணுவை நாம் கையால் எடுத்துச் செருகுவதில்லை. எழுத்து வரிசையைக் கணினியில் அனுப்பினால் வெளியே ஓரிடத்தில் அப்படியே செய்து சிறு குப்பியில் அனுப்பிவைப்பார்கள். வரிசையை அனுப்பியது அக்கா.

நொதி வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு தட்டு. எண்ணெய் கலந்து பால் போலக் கலங்கியிருக்கும். பாக்டீரியாவை உடைத்து எடுத்த சாற்றை அதில் ஒரு சொட்டு விட்டால், நொதி எண்ணெயைத் தின்று, சொட்டைச் சுற்றித் தெளிந்த வட்டம் ஒன்று விழ வேண்டும். சார் காலையில் உள்ளே வரும்போது வணக்கம் சொல்வதில்லை. "வட்டம் வந்துச்சா?" என்பார்.

வரவில்லை. ஒவ்வொரு முறையும் வரவில்லை.

இதில் என் வேலை என்ன? இரவு முழுக்கக் குடுவைகளைக் குலுக்கும் பெட்டியைப் பார்த்துக்கொள்வது. குடுவைக்குள் பாக்டீரியா பெருகிக் கலங்கல் தட்டியதும் ஒரு மருந்தைச் சேர்க்க வேண்டும். அதுவரை நாம் செருகிய மரபணுவை பாக்டீரியா சீந்தாது. மருந்து போனதும்தான் பிரதி எடுக்கத் தொடங்கும். சுருக்கமாக, "இப்போது படி" என்று சொல்கிறவன் நான். சொன்னேன். ஒவ்வொரு இரவும் சொன்னேன்.

சார் தட்டை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"தம்பி, ராத்திரி தூங்கினியா?"

"இல்ல சார்."

"கொஞ்சம் கண்ணு அசந்திருப்ப."

"இல்ல சார்."

"மனுஷன்னா அசரணும்பா. அசரவே இல்லன்னு சொன்னாத்தான் எனக்குச் சந்தேகம் வருது."

அவரை வில்லனாக எழுத ஆசைப்பட்டேன். முயன்றேன். மீசை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் குளிர்சாதனப் பெட்டியின் ஒழுகலுக்குத் தன் வீட்டு வாளியைக் கொண்டுவந்து வைத்திருப்பவர். அவர் சொன்னதில் தர்க்கமும் இருக்கிறது. மரபணு சரி, பாக்டீரியா சரி, மருந்து சரி என்றால் மிச்சம் இருப்பது மனிதன்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே பாக்டீரியா ஆடவில்லை. கூடமாக நான் நின்றேன்.

இந்த மாதக் கடைசியோடு நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திட்டவில்லை. தோளில் கை வைத்து, "பகல் வேலை பாருப்பா, உடம்புக்கு நல்லது" என்றார்.

ஆண்டு மலருக்கு இதுவரை போதும். செல் எப்படிப் புரதம் செய்கிறது என்பதும் வந்துவிட்டது, செய்யாமல் போனதற்குக் காரணமும் வந்துவிட்டது. கடமை தவறிய இரவுப் பணியாள். நல்ல நீதியும் இருக்கிறது. இங்கேயே நிறுத்திவிடலாம்.

5

(ஆனால் இங்கே ஓர் அடைப்புக்குறியைத் திறக்கிறேன்.

ஒரு காலை. என் வேலை முடிந்து, கழுவும் தொட்டி அருகே கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் வருமுன்பே அக்கா வந்திருந்தாள். முகம் கழுவாமல் வந்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"நான் என்னிக்குக் கத்தியிருக்கேன்?"

"வாயால இல்ல. மூஞ்சியால கத்துவ."

கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எழுத்து வரிசைகள். ஒன்று நீளம், இன்னொன்று குட்டை.

"ரெண்டும் ஒரே மரபணுதான். இது பூஞ்சைக்குள்ள இருக்கறது, நடுப்பேச்சோட. இது நடுப்பேச்ச வெட்டினது."

"சரி."

"பாக்டீரியாவுக்கு எது அனுப்பணும்?"

நான் பாதியில் எழுந்து வந்தவன். இருந்தாலும் அப்பாவை நினைத்துக்கொண்டேன். "வெட்டினது."

"நான் எது அனுப்பினேன்னு பாரு."

பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். பிறகு என் மூஞ்சி கத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் திரையை அணைத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். போன வருட மலரும் அவள் தலையில்தான். ஒரு திரையில் சாரின் முன்னுரை, இன்னொரு திரையில் மரபணு. முன்னுரையில் சார் தாராளமாகத் தூவியிருந்த அடைப்புக்குறிகளை ஒன்று விடாமல் வெட்டினாள். அந்தத் திருப்தியில், வெட்டாத மரபணுவை அனுப்பிவிட்டாள். ஊரார் பேச்சையெல்லாம் நறுக்குகிறவள் பூஞ்சையின் பேச்சை மட்டும் முழுதாக விட்டுவிட்டாள்.

பாக்டீரியா என்ன செய்யும், பாவம். நான் "படி" என்றதும் படித்தது. முதல் துண்டைச் சரியாகக் கோத்தது. பிறகு நடுப்பேச்சுக்குள் நுழைந்தது. அர்த்தமில்லாத பேச்சில் 'நிறுத்து' என்ற சொல் தற்செயலாகச் சீக்கிரமே வந்துவிடும். வந்தது. கையை எடுத்துவிட்டது. பாதிச் சரம். மடியவும் இல்லை, உருவம் எடுக்கவும் இல்லை. இந்த மாதிரிக் குப்பையை செல் தானே தின்று தீர்த்துவிடும். தட்டில் விழ எதுவும் மிஞ்சவில்லை.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பாதியில் எழுந்து வந்த புரதங்களைத்தான் இவ்வளவு நாளும் இரவெல்லாம் குலுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். சொந்தக்காரர்கள்.

"சிரிக்காத. யார்கிட்டயும் சொல்லாத. சரியானத ஆர்டர் பண்ணிட்டேன், பழைய குப்பி கெட்டுப்போச்சுன்னு சொல்லி. அது வந்ததும் வட்டம் வந்துரும். எல்லாம் சரியாயிடும்."

"எப்ப வரும்?"

"அடுத்த மாசம்."

"நான் எப்பப் போறேன்?"

அவள் தொட்டியின் குழாயை மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"இந்த மாசக் கடைசி" என்றேன் நானே.

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே காக்காய் எழுந்து போனதும் பழம் விழப்போகிறது. அதுவரை காக்காய்தான் பழத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது என்று ஆய்வுக்கூடமே சொல்லும். வட்டம் வராத வரைக்கும் என்மேல் இருப்பது சந்தேகம். வந்துவிட்டால் அது நிரூபணம்.

அக்கா பக்கமும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கதை நொண்டும். அவள் அடையாள அட்டையில் 'தற்காலிகம்' என்று இருக்கிறது. அட்டையில் அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது, அந்தச் சொல் மட்டும் வெளுக்கவில்லை. இந்த முறைதான் நிரந்தரமாக்குவதாகச் சார் சொல்லியிருக்கிறார். மாதக் கடைசியில் கூட்டம். இந்தத் தவறு வெளியே தெரிந்தால், செய்தது முதல் வருட மாணவர்கள் செய்யும் தவறு என்பதும் தெரியும். அது அவ்வளவு சின்னத் தவறு என்பதால்தான் யாரும் அங்கே தேடவே இல்லை.

6

முடிவுகள். அடைப்புக்குறி இன்னும் திறந்துதான் இருக்கிறது, மறந்துவிட வேண்டாம்.

முடிவு அ. அக்கா பேசவில்லை. நான் போகிறேன். வட்டம் வருகிறது. சார் கைதட்டுகிறார். அடுத்த வருட மலரின் அட்டையில் அந்தத் தட்டின் படம், நிலா மாதிரி. இதில் கலை ஒன்றும் இல்லை. நடக்கப்போவது இதுவாகத்தான் இருக்கும்.

முடிவு ஆ. அக்கா சாரிடம் சொல்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறார். "நீயாம்மா?" என்கிறார். அந்தக் குரலை எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் இடத்துக்கு வருகிற புதுப் பெண், அக்கா ஆர்டர் செய்த குப்பியை வைத்தே வட்டத்தை வரவைக்கிறாள்.

முடிவு இ. நான் சாரிடம் போய், "ஆமா சார், தூங்கிட்டேன்" என்று பழியை ஏற்றுக்கொள்கிறேன். எழுதிப் பார்த்தேன். கை கூசியது. நான் தியாகி இல்லை. தவிர, விடிய விடியக் கண்விழித்தவன் தூங்கினேன் என்று சொல்வதைவிட அசிங்கமான பொய் கிடையாது.

முடிவு ஈ. நானே சாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எளிது. வாயைத் திறந்தால் போதும். ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அவள் என் அக்கா. இதற்கு மேல் விளக்கம் கேட்டால் உங்களுக்கு அக்கா இல்லை என்று அர்த்தம்.

முடிவு உ. அடைப்புக்குறிக்குள் எழுதி, கத்தரியோடு இருப்பவளிடமே கொடுத்துவிடுவது. இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இது முடிவா என்று தெரியவில்லை. குறும்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். அம்மா என்றால் வேறு சொல் சொல்வாள்.

7

ஐந்தையும் ஆறையும் அக்காவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். முதல் நான்கு பகுதிகளும் அன்றன்றே குறிப்போடு திரும்பிவந்தன. இவை வரவில்லை. நீங்களே பார்த்திருப்பீர்கள், ஐந்திலிருந்து ஒரு சதுரக் குறிகூட இல்லை. எந்த வரிக்கும் ஒரு குத்தல் இல்லாமல் எழுதுவது எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒரு மத்தியானம், நான் போர்வைக்குள் இருந்தபோது, தாள்களோடு உள்ளே வந்தாள்.

"அஞ்சாவதுல ஒரு அடைப்புக்குறி திறக்குதே, அது எங்கடா மூடுது?"

"மூடல."

"மூடாம எப்படி வெட்டறது? எங்கேருந்து எங்கவரைக்கும்னு தெரியணும்ல?"

"அதான்."

அவள் ஆராய்ச்சியாளர். உடனே புரிந்துவிட்டது. வெட்டுக்குழுவுக்கு இரண்டு முனையும் வேண்டும். ஒரு முனையின் அடையாளம் அழிந்துபோனால் குழு குழம்பிவிடும். வெட்டாமலே விடும், அல்லது கண்ட இடத்தில் வெட்டும். சில நோய்களே அப்படித்தான் வருகின்றன.

"மிரட்டறியா?"

"பக்கம் நிறையணும்னு சொன்ன. நிறைச்சிருக்கேன்."

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி சார் மொத்தத்தையும் படிப்பாரு. முன்னுரை எழுதணும்ல. ஒரு கமா விடமாட்டாரு. தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"இதத் தூக்கிக் கடாசிட்டு அந்த இடத்துல குறுக்கெழுத்துப் போட்டி போட்டா என்ன பண்ணுவ?"

"போட்டுப் பாப்பேன். எனக்குக் குறுக்கெழுத்து பிடிக்கும்."

"திமிரு."

"நாலாவது வரைக்கும் நல்லா இருந்துச்சா?"

"அப்பாவ பாக்டீரியான்னது ஓவரு" என்றாள். பிறகு நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள். "இது நெஜமாவே டகடகன்னுதான் அடிக்குது" என்று சொல்லிவிட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தவில்லை.

8

நேற்று நடந்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா அறையிலிருந்து கத்துவது கனவுக்குள் கேட்டது. வழக்கம்போல நீளமாக. பிறகு அக்காவின் காலடி. கதவருகே நின்றாள். நான் "எந்திரி, சாப்பிடு" என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டே காத்திருந்தேன்.

"அவன எழுப்புடி" என்றாள் அக்கா. அம்மாவின் குரலில் இல்லை, தன் குரலில்தான். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னால் வாசிக்கிற மாதிரி. "பாவம் ராத்திரி முழுக்க முழிச்சிருந்திருக்கான். அந்த ஃபேன் அடிக்குது யாரும் பாக்கறதில்ல. இன்னிக்கு முட்டி ரொம்ப வலிக்குது. பச்சத் துண்டு கெடச்சிருச்சு, பீரோவுக்குப் பின்னாடி இருந்துச்சு. சாப்பிடச் சொல்லு."

எனக்குத் தெரிந்து முதல்முறையாக ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

கண்ணைத் திறந்தேன். போய்விட்டிருந்தாள். இது பதிலா, கிண்டலா, என் கதையைப் படித்ததற்கான அத்தாட்சியா என்று எனக்குத் தெரியவில்லை. போய்ச் சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். உப்பை நகர்த்திவைத்தாள்.

இன்று மாலை மலரின் பக்கங்கள் சாரின் மேசைக்குப் போகின்றன. எந்தப் பக்கங்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எழுதி முடிக்கும் நேரத்தில் அவள் இன்னும் புறப்படவில்லை. முடித்ததும் இதையும் அந்தத் தாள்களோடு சேர்த்துவிடுவேன். பக்கத்து அறையில் கத்தரிச் சத்தம் கேட்கிறது. ஆனால் அது அம்மாவுக்கு முட்டிப் பட்டை வெட்டுகிற சத்தமாகவும் இருக்கலாம்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். பெருந்தன்மையால் அல்ல, என்னிடம் இல்லாததால். உங்கள் கையில் இருப்பதன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அது ஓர் ஆய்வுக்கூடத்தின் ஆண்டு மலரா? அப்படியென்றால் சார் இதைப் படித்துவிட்டார். அனுப்பியது அக்கா. இது வேறு எங்காவது வந்திருக்கிறதா? அப்படியென்றால் மலரில் இந்த இடத்தில் ஒரு குறுக்கெழுத்துப் போட்டி இருக்கிறது, தட்டில் நிலா மாதிரி வட்டம் விழுந்திருக்கிறது, நான் பகலில் விழித்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியாது. ஒரு கதையில் வாசகருக்குக் கிடைக்கிற இவ்வளவு பெரிய சலுகையை நான் எங்கும் பார்த்ததில்லை, ரொம்பவும் ஆட வேண்டாம்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. ஐந்தாம் பகுதியில் திறந்தது இன்னும் திறந்தே கிடக்கிறது. உங்களிடம் பேனா இருக்கும். மூடும் குறியை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் போடும் இடம்வரைக்கும் எதுவுமே நடக்கவில்லை, அக்கா எதையும் தவறாக அனுப்பவில்லை, நான் தூங்கித்தான் போனேன். அதற்குப் பிறகு வருவதெல்லாம்